திரையில் தெரிந்த பச்சை

ஏலக்காயின் தரத்தை நாம் இரு விதமாகப் பார்க்கிறோம். முதலாவது, கருவியால் அளப்பது. அக்மார்க் விதிப்படி ஏ.ஜி.இ.பி. ரகக் காய் 7 மில்லிமீட்டர் பருமனும், லிட்டருக்கு 435 கிராம் எடையும் இருக்க வேண்டும். அடுத்தது, கையில் அள்ளி, வெளிச்சத்தில் நிறம் பார்த்து, முகர்ந்து தீர்மானிப்பது. எடை சரியாக நின்றும் கண்ணுக்குப் பிடிக்காத சரக்கு விலை போகாது. போன், வீடியோ, இணையம் இவற்றின் தரமும் அப்படியே. கம்பெனி சொல்லும் வேகம் லிட்டர் எடை மாதிரி. நம் கண்ணுக்கும் காதுக்கும் வந்து சேர்ந்தது என்ன என்பது தனிக் கணக்கு.

இதை நாம் காசு கொடுத்துத்தான் கற்றோம். மலையிலிருந்து ஒரு நண்பர் வீடியோவில் காய் காட்டினார். நல்ல கரும்பச்சை. விலை பேசி முடித்துவிட்டோம். மூட்டை போடிக்கு இறங்கியபோது பாதிக்கு மேல் வெளுத்த காய்! நண்பர் ஏமாற்றவில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

மனிதக் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகப் பார்க்கும். நிற நுணுக்கத்தில் சற்று மந்தம். ஆகவே வீடியோவைச் சுருக்கி அனுப்பும்போது நிற விவரத்தில்தான் முதலில் கை வைக்கிறார்கள். பெரும்பாலும் நான்கு புள்ளிக்கு ஒரு நிற விவரமே போகிறது. சிக்னல் மெலிந்தால் படம் இன்னும் சுருங்கும். போதாததற்கு, டியூப்லைட் வெளிச்சத்துக்கு ஏற்பக் கேமராவே நிறத்தைத் திருத்திக்கொள்ளும். பேரப்பிள்ளை முகம் பார்க்க இது போதும். காய் பார்க்கப் போதாது.

போடியில் 2007-ல் மின்னணு ஏலம் வந்தது. 2021 ஜனவரியில் போடியையும் புற்றடியையும் ஒருசேர இணைக்கும் முறையை ஸ்பைசஸ் போர்டு தொடங்கியது. அந்த ஏலத்தில் திரை சொல்வது விலையை. காயைப் பார்க்க மாதிரி தனியே உண்டு. நாம் செய்த தவறு, மாதிரியின் வேலையையும் திரையிடம் கொடுத்ததுதான்.

சரி, இணைப்பின் தரத்தை அளப்பது எப்படி? சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் 1996-ல் வெளியிட்ட பி.800 என்ற பரிந்துரையில் எளிய வழி இருக்கிறது. கேட்பவரே மதிப்பெண் போட வேண்டும்: மிக நன்று 5, நன்று 4, சுமார் 3, மோசம் 2, மிக மோசம் 1. பலர் போட்டதன் சராசரியே தரம். நமது டிராய் ஆணையமும் 2017-ல், பேசி முடித்தவுடன் நட்சத்திரம் போடும் 'மைகால்' செயலியைக் கொண்டுவந்தது.

கடையில் இதற்கு ஒரு நோட்டுப் போதும். அழைப்பு முடிந்ததும் நேரம், இடம், மதிப்பெண் எழுதுங்கள். எதிர்முனையில் இருப்பவரிடமும் கேட்டு எழுதுங்கள். நமக்கு 4 ஆக இருப்பது போடிமெட்டில் நிற்பவருக்கு 2 ஆக இருக்கலாம். இரண்டு வாரத்தில், எந்த நேரம் கெடுகிறது என்பது தெரிந்துவிடும்.

பேச்சு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 150 மில்லி வினாடிக்குள் போய்ச் சேர்ந்தால் பொதுவாக உறுத்தாது. 400-ஐத் தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, விலையே குழம்பும். பல நேரங்களில் இதற்குக் காரணம் நம் கடைக்குள்ளேயே இருக்கும். சிசிடிவி கேமரா ஓயாமல் படம் ஏற்றிக்கொண்டிருந்தால் நம் குரல் அதன் பின்னால் வரிசையில் நிற்கும். முக்கியமான பேச்சின்போது அந்தப் பதிவேற்றத்தை நிறுத்திப் பாருங்கள். கணினிக்கு வைஃபையை விடக் கேபிள் நல்லது.

காய்க்கு வீடியோ வேண்டாம். வெள்ளைத்தாளின்மேல் பரப்பி, பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, வாட்ஸ்அப்பில் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். அப்படி அனுப்பினால் படம் சுருங்காது. தாள் மஞ்சளாகத் தெரிந்தால் காயின் நிறத்தையும் நம்பாதீர்கள். பெரிய சரக்கென்றால் கால் கிலோ மாதிரி பஸ்ஸில் வரட்டும்.

கடைக்குள் எல்லாம் சரியாக இருந்தும் மதிப்பெண் ஏறாவிட்டால் 198-ல் புகார் கொடுங்கள். "லைன் சரியில்லை" என்று மட்டும் சொன்னால் போனை அணைத்துப் போடச் சொல்வார்கள். நோட்டிலுள்ள தேதி, நேரம், இடத்தைப் படித்துக் காட்டி, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பலனில்லை என்றால் அந்தக் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுத அந்த எண் வேண்டும்.