படம் ஓடியது, வருமானம் நின்றது: ப்ரமோஷன் வந்தவங்க போட வேண்டிய கணக்கு

ப்ரமோஷன் லெட்டர் வந்தாச்சா? வாழ்த்துகள். ஸ்டேட்டஸ் வெச்சாச்சு, ட்ரீட் கொடுத்தாச்சு, ஊர்ல இருந்து சித்தப்பாவும் போன் பண்ணிட்டார். "பையன் நல்லா இருக்கான்" என்று பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயரைக் காப்பாத்த மாசா மாசம் ஒரு செலவு இருக்கு. அதைப் பத்திதான் இன்னைக்குப் பேசப் போறோம்.

முதல்ல ஒரு பழைய கதை. 1944 தீபாவளிக்கு ‘ஹரிதாஸ்’ ரிலீஸ். சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைப் பார்த்த படம். ஹீரோ எம்.கே. தியாகராஜ பாகவதர். படம் வந்த சில மாதங்களுக்குள் அவர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதாகிவிட்டார். யோசிச்சுப் பாருங்க, வெளியே அவர் பாட்டைக் கேட்க ஜனங்க டிக்கெட் வாங்கிட்டு இருக்காங்க; அவர் சிறையில். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947-ல் விடுதலையானார். அடுத்த வருடமே சொந்தத் தயாரிப்பில் ‘ராஜமுக்தி’. ஓடவில்லை. 1959 நவம்பர் 1-ல் காலமானார்.

தங்கத் தட்டில் சாப்பிட்டார், ஆடம்பரத்தால் அழிந்தார் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நான் இதில் பார்ப்பது வேறு: புகழும் வருமானமும் ஒரே நாளில் நிற்பதில்லை. வருமானம் முதலில் நின்றுவிடும். ஊர் மட்டும் உங்களைப் பழைய உயரத்திலேயே வைத்திருக்கும்.

சின்ன அளவில் இது எனக்கும் நடந்தது. பொழிச்சலூரில் வாடகைக்கு இருந்தேன். ஃப்ளைட் தலைக்கு மேல போகும்போது போனில் பேச்சை நிறுத்திட்டுத் தொடரணும், அப்படி ஒரு வீடு. டீம் லீட் ஆன மாசமே கார் எடுத்தேன். அடுத்த அரையாண்டு வேரியபிள் பே கிடையாதுன்னு கம்பெனி சொல்லிடுச்சு. கைக்கு வந்தது 62,000. வாடகை 13,000, கார் இஎம்ஐ 16,400, ஊருக்கு 10,000, வீட்டுச் செலவு 20,000. மிச்சம் 2,600. அந்த மாசம் பார்த்து ஆபீஸ் நண்பர் கல்யாணம். டீம் லீட் ஐநூறு ரூபாய் மொய் வைக்க முடியுமா? கிரெடிட் கார்டு ஆப் மூலமா கடன் எடுத்து 5,000 வெச்சேன். வீட்ல சொல்லலை. ராத்திரி தூக்கம் வரலை.

நம்ம ஊர் அகத்தீஸ்வரர் கோயிலை வடதிருநள்ளாறு என்பார்கள். சனிக்கிழமை நானும் போய் சனீஸ்வரர் முன்னாடி நின்னேன். பழியை அவர் மேல போடுவது சுலபமா இருந்தது. தப்பு பூரா என் எக்செல் ஷீட்டில்.

இப்போ உங்க கணக்கு. சம்பளம் நின்றாலும் நிற்காத செலவுகளை மட்டும் எழுதுங்க. என் விஷயத்தில் வாடகை, இஎம்ஐ, ஊருக்கு அனுப்புவது சேர்த்து 39,400. சாப்பாடு, கரண்ட் பில்லுக்கு 12,000. மொத்தம் 51,400. ஆறு மாதத்துக்கு 3,08,400. இந்தத் தொகை எஃப்டியிலோ லிக்விட் ஃபண்டிலோ சேரும் வரை புது இஎம்ஐ எதுவும் வேண்டாம். இன்க்ரிமென்ட்டில் பாதியை நேரா இதுக்கு அனுப்புங்க. இஎம்ஐ எவ்வளவு தாங்கும்னு பார்க்கும்போது வேரியபிள் பேயைக் கணக்கிலேயே சேர்க்காதீங்க. ஆபீஸ் கொடுக்கிற ஹெல்த் இன்ஷூரன்ஸும் வேலையோடு போயிடும். சொந்தமா ஒரு பாலிசி எடுத்து வைங்க.

நான் கடைசியில் காரை வித்து லோனை முடிச்சேன். தெருவுல என்ன பேசுவாங்களோன்னு ஒரு வாரம் பயம். எதிர்வீட்டு அண்ணன்தான் முதல்ல கேட்டார்: "காரை எங்க சார் காணோம்?" வித்துட்டேன்னு சொன்னேன்.

"அப்போ அந்த இடத்துல என் வண்டியை விட்டுக்கவா?"ன்னார்.