எரிக் கார்ல் பாணியில் போஸ்டரும் பரிசுத்தாளும்

கடையில் விற்கும் பரிசுத்தாள் அலுத்துவிட்டதா? ‘தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்’ (1969) படைத்த ஓவியர் எரிக் கார்லின் வழியில் வீட்டிலேயே செய்யுங்கள்.

1. வெள்ளை டிஷ்யூ தாளில் அக்ரிலிக் வண்ணத்தை இழுத்துப் பூசுங்கள். தூரிகைத் தடம்தான் இந்தப் பாணியின் அழகு.

2. நன்றாகக் காய்ந்தபின் கத்தரியுங்கள். ஈரத்தாள் கிழியும்.

3. அவருடைய புழுவை நகலெடுக்காதீர்கள். உங்கள் வீட்டுப் பூனையின் உருவத்தை வெட்டுங்கள். பாணி பொது, படத்துக்குக் காப்புரிமை உண்டு.

4. வெட்டிய உருவத்தை ஒட்டப் பசையை மெல்லியதாகத் தடவுங்கள். கூடினால் தாள் சுருங்கும்.

5. போஸ்டரில் ஒரே பெரிய உருவம் வையுங்கள், சுற்றிலும் வெள்ளை விடுங்கள். தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும்.

6. பரிசுத்தாளுக்கு, ஏ4 தாளின் நடுவில் சிறு உருவங்களை ஒட்டி, தாளை நான்காக வெட்டுங்கள். துண்டுகளைத் திருப்பாமல் மூலைக்கு மூலை இடம் மாற்றி, பின்புறம் டேப் போட்டு, நடுவில் விழும் வெற்றிடத்தை நிரப்புங்கள். ஓரம் விடுபடாதபடி சற்றுச் சிறிதாக்கிக் கலர் ஜெராக்ஸ் எடுத்து, பிரதிகளின் வெள்ளை ஓரத்தை நறுக்கி அடுத்தடுத்து வைத்தால் இணைப்பு தெரியாது.

7. கலர் ஜெராக்ஸுக்குத் தாளின் எடை: பரிசுத்தாள் 80 ஜிஎஸ்எம், போஸ்டர் 200. தடித்த தாள் மடிப்பில் வெடிக்கும். மெல்லிய தாள் சுவரில் சுருளும்.