தேவைகளின் வரிசையும் பெங்களூரு ஆடைத் தொழிலாளரும்

மனிதனை உழைப்பிற்குத் தூண்டுவது எது? அமெரிக்க உளவியல் அறிஞர் ஆபிரகாம் மாஸ்லோ 1943-இல் வெளியிட்ட கட்டுரையில், உடல் தேவைகள், பாதுகாப்பு, அன்பு, மதிப்பு, தன் ஆற்றலை முழுமையாக வெளிப்படுத்துதல் எனத் தேவைகளை ஐந்தாகப் பகுத்தார். முந்தைய தேவை ஓரளவேனும் நிறைவேறிய பின்னரே அடுத்தது மனிதனை உந்தும் என்பது அவர் கருத்து. எனினும் இவ்வரிசை யாவர்க்கும் மாறாதது என்று அவர் கூறவில்லை. பாடநூல்களில் காணும் கூம்பு வடிவமும் அக்கட்டுரையில் இல்லை.

இக்கொள்கையை ஆராய, 2016 ஏப்ரல் 18, 19 ஆகிய நாட்களில் பெங்களூருவில் நிகழ்ந்தது தக்க சான்றாகும். ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளின் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ஆயிரக்கணக்கில் வேலையை விட்டு வெளியேறினர். பொம்மனஹள்ளி அருகே ஓசூர் சாலையில் போக்குவரத்து நின்றது. மறுநாள் பேருந்துகள் எரிந்தன, கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. அவர்களது கோரிக்கை கூலி உயர்வு அன்று. வருங்கால வைப்பு நிதி பற்றியது.

தொழிலாளி தம் ஊதியத்தில் 12 விழுக்காடு செலுத்துவார். முதலாளி செலுத்தும் 12 விழுக்காட்டில் 8.33 ஓய்வூதியத்திற்கும் 3.67 வைப்பு நிதிக்கும் செல்லும். இரண்டு மாதம் வேலையின்றி இருப்பவர் நிதியிலுள்ள இரு பங்குகளையும் பெறலாம் என்பதே அதுவரை இருந்த விதி. 2016 பிப்ரவரி 10 அறிவிக்கை, முதலாளியின் பங்கை 58 வயது வரை நிறுத்தி வைத்தது.

முதுமைக்குச் சேமிப்பு வேண்டும் என்னும் நோக்கத்தில் குறை காண இயலாது. ஆயினும், தையல் இயந்திரத்தின் முன் 58 வயது வரை அமர்ந்திருக்கும் பெண்கள் எத்தனை பேர்? பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு, கடன் ஆகியவற்றிற்குக் கைகொடுக்கும் மொத்தத் தொகை அவர்களுக்கு இதுவே. அரசு பாதுகாப்பு என்றது முதுமையை. தொழிலாளி பாதுகாப்பு என்றது நடுவயதின் நெருக்கடியை. மேலும், தம் பெயரில் உள்ள பணம் தம் விருப்பப்படி கிட்டும் என்ற உறுதி, பாதுகாப்பு மட்டுமன்று. அது மதிப்பும் ஆகும். குறைந்த ஊதியம் பெறுவோர் இத்தேவையைப் பின்னால் தள்ளி வைக்கவில்லை. ஏப்ரல் 19-ஆம் நாளிலேயே அறிவிக்கை திரும்பப் பெறப்பட்டது.

நமது ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் குறைந்தபட்சத் தேவைகள் திட்டத்தில் கல்வி, சுகாதாரம், குடிநீர், சாலை, மின்சாரம் முதலியன இடம் பெற்றன. 1976-இல் ஜெனீவாவில் கூடிய உலக வேலைவாய்ப்பு மாநாடு அடிப்படைத் தேவைகளைப் பேசுகையில், தம்மைப் பாதிக்கும் முடிவுகளில் மக்கள் பங்கு கொள்வதையும் உடன் வலியுறுத்தியது. வாழ்வு நிறைவை அளக்க முற்படும் மாணவர், வினாப்பட்டியலில் வருமானத்தையும் வீட்டையும் அடுத்து, இதற்கும் ஓர் இடம் ஒதுக்கலாம்.