மழை விட்ட மூன்றாம் நாள் காட்டுக்குப் போங்கள்

வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டது. தமிழ்நாட்டுக்கு ஓராண்டில் கிடைக்கும் மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையான இந்த மூன்று மாதங்களில்தான் பெய்கிறது. குடை, ரெயின்கோட், கொசுவலை, நிலவேம்புக் குடிநீர் எல்லாம் தயாராக இருக்கும். அவற்றோடு இன்னொரு வேலையையும் இந்தப் பருவத்துக்கென்று குறித்துக்கொள்ளுங்கள்: கார்த்திகை முடிவதற்குள் ஒருமுறையாவது மரம் அடர்ந்த ஓரிடத்துக்குப் போய் மெதுவாக நடந்துவிட்டு வாருங்கள். மண்ணுக்குள்ளும் பட்ட மரத்துக்குள்ளும் ஆண்டு முழுவதும் ஒளிந்து வாழும் பூஞ்சைகள் வெளியே தலைகாட்டுவது இப்போதுதான். தை பிறந்து மண் காய்ந்துவிட்டால் அடுத்த மழைக்குத்தான் காத்திருக்க வேண்டும்.

கொட்டும் மழையில் போக வேண்டாம். மழை ஓய்ந்த இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை நல்ல சமயம். விடிந்ததும் கிளம்பிவிடுங்கள். மெல்லிய குடைக்காளான்கள் பல இரவில் எழுந்து, வெயில் ஏறியதும் துவண்டு விழுந்துவிடும். பத்து மணிக்குப் போனால் அவை இருந்த இடத்தில் ஈரக்கறைதான் மிஞ்சியிருக்கும்.

எங்கே போவது? இதற்காகக் கொடைக்கானலுக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. உங்கள் ஊர் அய்யனார் கோயிலைச் சுற்றி நாலு வீரை மரமும் உலக்கைப்பாலையும் மிஞ்சியிருந்தால் அதுவே போதும். கோயில் காடுகளில் அரிவாள் படாமல் பல தலைமுறைச் சருகு மக்கிக் கிடப்பதால் பூஞ்சைக்கு அது சொர்க்கம். புதுச்சேரிக்கு அருகே புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயில் காடு அப்படி ஓரிடம். திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியின் கோயில் காடு 2025-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு ஐந்து ஹெக்டேருக்கும் சற்றுக் குறைவு. மலைப்பக்கம் இருப்பவர்களுக்குச் சோலைக்காடு உண்டு. கோத்தகிரியின் லாங்வுட் சோலை 116 ஹெக்டேர்தான். ஆனால் ஊருக்கே தண்ணீர் தருவது அது. 2024-இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது. அதற்குள் போக வனத்துறையின் அனுமதி வாங்க வேண்டும். காப்புக்காட்டுப் பாதைகளில் நடக்க விரும்பினால், 2024 அக்டோபரில் அரசு 40 பாதைகளோடு தொடங்கிய மலையேற்றத் திட்டம் இருக்கிறது. இணையத்தில் பதிவு செய்துகொண்டு வழிகாட்டியோடு போகலாம். அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து.

இடத்தைவிட நடையின் வேகம் முக்கியம். காட்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் யானையையோ மானையோ தேடித் தூரத்திலேயே கண் வைத்திருக்கிறார்கள். ஒன்றும் தென்படாவிட்டால் காடு ஏமாற்றிவிட்டது என்று திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் கண்ணைத் தாழ்த்தி, கையெட்டும் தொலைவில் வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு நூறு மீட்டர் நடந்தால் போதும். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்று, சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று, தண்ணீர் பாட்டில் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி எதற்கென்றால், காளானைப் பறிக்காமல் அதன் குடைக்கு அடியில் நீட்டி மடிப்புகளைப் பார்ப்பதற்கு. தண்ணீர் குடிக்க மட்டுமல்ல. அதற்கு இன்னொரு வேலையும் இருக்கிறது.

காய்ந்து விழுந்த மாங்கிளை, வேலியில் நட்ட பட்டுப்போன கம்பு, விறகுக் குவியல் என்று எதையாவது உற்றுப் பாருங்கள். நகத்தளவில் விசிறி விசிறியாகச் சாம்பல் வெள்ளையில் ரோமம் படர்ந்த ஒன்று வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்கைசோஃபில்லம் கம்யூன் என்பது அதன் அறிவியல் பெயர். அண்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் இருப்பது. அதன் அடிப்பக்க மடிப்பு ஒவ்வொன்றும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருக்கும். வெயிலில் பிளந்த ஓரங்கள் சுருண்டு, வித்துகள் உருவாகும் பரப்பை மூடிக்கொள்ளும். காய்ந்த கிளையொன்றை எடுத்து அதன்மேல் தண்ணீரைத் தெளித்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கழித்து லென்ஸை வைத்துப் பாருங்கள். சுருண்டவை மெல்ல விரிந்து, இளஞ்சிவப்புச் சாயலில் மடிப்புகள் வெளியே வரும். செத்துச் சருகானது என்று நினைத்தது மறுபடியும் வித்து உதிர்க்கத் தொடங்கிவிடும். காயவைத்துக் கண்ணாடிக் குழாயில் அடைத்த மாதிரி ஒன்று ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் ஈரம் பட்டு உயிர்த்ததாகவும் பதிவு உண்டு. ஆண், பெண் என்று இரண்டு பாலோடு இது நிற்கவில்லை. இதில் இனச்சேர்க்கை வகைகளே இருபதாயிரத்துக்கும் மேல். விறகுக் கட்டையில் ஒட்டியிருக்கும் ஒன்றுக்குள் இத்தனை சங்கதி இருக்கிறது. குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் முதலில் இதைக் காட்டுங்கள்.

அதே கட்டையில் மரக்காது என்ற காளான் இருக்கலாம். தொட்டால் காதுமடல் மாதிரியே வழவழப்பாக இருக்கும். தொடுவதால் பொதுவாகக் காளான் விஷம் ஏற்றாது, பிறகு கையைக் கழுவினால் போதும். சாணமும் மக்கிய மரத்தூளும் கிடக்கும் இடத்தில் சட்டைப் பொத்தான் அளவில் சின்னக் கிண்ணங்கள் தென்பட்டால் குனிந்து பாருங்கள். உள்ளே முட்டை முட்டையாக இருப்பவை வித்துப் பொதிகள். ஒரு மழைத்துளி கிண்ணத்துக்குள் சரியாக விழுந்தால் அவை ஒரு மீட்டர் வரைகூடத் தெறித்துப் போகும். மூங்கில் புதர்ப் பக்கம் அழுகிய நாற்றம் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு தேடுங்கள். வெள்ளை வலைப்பாவாடை கட்டிய காளான் ஒன்று நிற்கலாம். சில மணி நேரத்தில் முழுதாக எழுந்துவிடும் அது, நாற்றத்தால் ஈக்களை வரவழைத்து அவற்றின் காலில் தன் வித்தை ஏற்றி அனுப்புகிறது.

இந்தப் பருவத்தில் நான் எல்லோரையும் போய்ப் பார்க்கச் சொல்வது கரையான் புற்றைத்தான். இடி இடித்து மழை பெய்த மறுநாட்களில் புற்றின் மேலும் ஓரத்திலும் முளைக்கும் புற்றுக்காளானைக் கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் புற்றுக்கு அடியில் நடப்பது பலருக்கும் தெரியாது. கரையான் தின்று வரும் சருகையும் மரத்துணுக்கையும் அதனால் தனியாகச் செரிக்க முடியாது. அரைகுறையாகச் செரித்து வெளியேற்றியதைக் கடற்பஞ்சு போன்ற அடைகளாகக் கட்டி, அதில் ஒரு பூஞ்சையை வளர்க்கிறது. பூஞ்சை அந்தக் கூளத்தைச் சிதைத்துச் சத்தாக்கித் தர, கரையான் அதைத் தின்கிறது. மனிதன் முதல் விதையை ஊன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் முன்பே தொடங்கிய வேளாண்மை இது. மழையில் அந்தப் பூஞ்சை மேலே அனுப்பும் குடைதான் புற்றுக்காளான். அதன் காம்பு மண்ணுக்குள் வேர் போல நீண்டு கீழேயுள்ள அடை வரை போகும். குடையின் நுனியில் கெட்டியான கூர்முனை ஒன்று உண்டு, மண்ணைத் துளைத்து வருவதற்கு. தென்னிந்தியாவில் பரவலாக உண்ணப்படும் ஓர் இனத்தை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் பூஞ்சையியலாளர் கே. நடராஜன் 1979-இல் டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மி என்ற பெயரில் விவரித்தார்.

சிப்பிக்காளானை வைக்கோலில் வளர்க்கிறோம். புற்றுக்காளானைக் கரையான் இல்லாமல் பண்ணையில் வளர்த்துச் சந்தைக்குக் கொண்டுவர இன்றுவரை வழி பிறக்கவில்லை. புற்றை இடித்துவிட்டால் அந்த இடத்துக் காளானும் போயிற்று, ஈசலும் போயிற்று. வீட்டுச் சுவரை ஒட்டிய புற்றுக்கு வேறு வழியில்லாமல் இருக்கலாம். வயல் வரப்பிலும் தோப்பிலும் இருப்பதற்கு மருந்து ஊற்றாதீர்கள்.

மரங்களையும் விட்டுவிட வேண்டாம். மாலையில் தெருவில் நடக்கும்போது கனத்த வாசனை வந்தால் அண்ணாந்து பாருங்கள். ஏழிலைப்பாலை பூத்திருக்கும். அதிகாலையில் தரையெல்லாம் வெள்ளைக் குழல்பூ உதிர்ந்து கிடந்தால் மேலே நிற்பது மரமல்லி. இரண்டுக்கும் இதுவே பருவம். வேலிகளில் செங்காந்தள் ஏறிக்கிடக்கும். அழகைப் பாருங்கள், கிழங்கைத் தொடாதீர்கள், கொடிய நஞ்சு அது.

மரப்பட்டையையும் பாருங்கள். சாம்பலும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாக ஒட்டியிருப்பவை லைக்கன்கள். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து ஓருடலாக வாழ்பவை இவை என்று தாவரவியலாளர் சைமன் ஷ்வெண்டனர் 1860-களில் சொன்னபோது அக்கால அறிஞர்கள் பலர் ஏற்கவில்லை. நம் அடுக்களையில் செட்டிநாட்டுக் குழம்புக்குப் போடும் கல்பாசி அந்த இனம்தான். இன்று சமைக்கும்போது ஒரு துண்டை நீரில் நனைத்துப் பாருங்கள். மேற்புறச் சாம்பல் நிறம் தெளிந்து உள்ளிருக்கும் பாசியின் பச்சை துலங்கும். காற்றில் கந்தகப் புகை மிகுந்தால் புதர் போல் கிளைத்த லைக்கன்கள் முதலிலும் இலை போன்றவை அடுத்தும் மறைந்துவிடும். உங்கள் தெரு மரத்தில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்.

வேருக்குக் கீழேயும் பூஞ்சை உண்டு. தரைச் செடிகளில் பெரும்பாலானவை வேரில் பூஞ்சையைச் சேர்த்துக்கொண்டு வாழ்கின்றன. பூஞ்சை மண்ணிலிருந்து நீரும் பாஸ்பரசும் எடுத்துத் தருகிறது, மரம் சர்க்கரையைத் தருகிறது. ஸ்காட்லாந்தில் ரைனி என்ற ஊரின் 40 கோடி ஆண்டு பழைய பாறைப் படிவுச் செடிகளிலும் இந்தக் கூட்டு பதிந்திருக்கிறது. ஊட்டி, கொடைக்கானல் பைன் தோப்புகளில் வெள்ளைப் புள்ளியிட்ட சிவப்புக் குடை ஒன்றைப் பார்க்கலாம். அமானிட்டா மஸ்காரியா என்ற அது நம் மலைக்கு உரியதல்ல. அயல்நாட்டு மரங்களை இங்கே நட்டபோது அவற்றின் வேர்த்துணையாக வந்து சேர்ந்தது. விஷமுள்ளது, பார்த்துவிட்டு நகருங்கள். மரங்கள் பூஞ்சை இழை வழியே பேசிக்கொள்கின்றன, தாய்மரம் பிள்ளைமரத்துக்கு ஊட்டுகிறது என்றெல்லாம் இப்போது பரவலாகச் சொல்கிறார்கள். காட்டில் அது எந்த அளவுக்கு நடக்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே பலத்த கருத்து வேறுபாடு உண்டு. நிரூபணமானதே இவ்வளவு இருக்கும்போது அதற்குமேல் ஜோடனை தேவையில்லை என்பது என் எண்ணம்.

இனி, எச்சரிக்கைகள். காட்டில் கண்ட எந்தக் காளானையும் சமைக்காதீர்கள். பூச்சி தின்றிருந்தால் நல்லது, வெங்காயம் கறுக்காவிட்டால் நல்லது என்பதெல்லாம் உயிரைப் பறிக்கும் நம்பிக்கைகள். சில காளான்களின் நஞ்சு வேகவைத்தாலும் போகாது. தின்று ஆறு, பத்து மணி நேரம் கழித்துத்தான் வாந்தி தொடங்கும், அதற்குள் கல்லீரல் கெடத் தொடங்கியிருக்கும். மழைக்குப் பின் புல்வெளியிலும் பள்ளி மைதானத்திலும் கூட்டமாக வரும் பெரிய வெள்ளைக்குடை, முதிர்ந்தால் அடிப்புறம் பச்சை பாரிக்கும். புற்றுக்காளான் என்று ஏமாந்து இதைத் தின்று பலர் அவதிப்படுகிறார்கள். பூந்தொட்டியில் முளைக்கும் மஞ்சள் காளான் செடிக்குத் தீங்கில்லை, வாய்க்கு ஆகாது. யாராவது தின்று வயிற்றைப் புரட்டினால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள். மிச்சமிருக்கும் காளானையும் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள்.

வானிலை மையம் ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை கொடுத்த நாளில் வீட்டிலேயே இருங்கள். இடி கேட்டால் மரத்தடியை விட்டு விலகுங்கள். பொந்திலும் சருகுக்குள்ளும் கையை விடாதீர்கள், கண்ணாடி விரியன் படுத்திருக்கும் இடம் அது. சோலைக்குப் போனால் அட்டைக்கு உப்பு எடுத்துக்கொள்ளுங்கள். தெருவோர மரத்தின் தூரில் பலகை பலகையாகப் பழுப்புக் காளான் புடைத்திருந்தால் உள்ளே மரம் சிதைந்துகொண்டிருக்கக்கூடும். காற்றடிக்கும் நாளில் அதன் கீழே வண்டியை நிறுத்தாதீர்கள், உள்ளாட்சி அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பூங்காவிலும் கோயில் காட்டிலும் சருகைக் கூட்டி எரிப்பதும், விழுந்த மரத்தை உடனே அப்புறப்படுத்துவதும் சுத்தம் என்ற பெயரில் நடக்கின்றன. மரத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பொருளைச் சிதைத்து மண்ணாக்குவது பெரும்பாலும் பூஞ்சைதான். அதற்கு உணவு அந்தக் கட்டையும் சருகும்தான். பாதையை மறிக்காத மரம் விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும். உங்கள் குடியிருப்புச் சங்கத்திலோ கோயில் கமிட்டியிலோ இந்த மழைக்காலம் முடிவதற்குள் இதைப் பேசுங்கள். சருகை ஒரு மூலையில் குவித்துவையுங்கள், எரிக்காதீர்கள்.