போர்ட்லாண்டில் கல் நத்தை பார்க்க

இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட் பகுதியில் இருக்கிறது போர்ட்லாண்ட். பெயருக்குத்தான் தீவு, செசில் என்ற நீண்ட கூழாங்கல் கரை அதை நிலத்தோடு சேர்த்துப் பிடித்திருக்கிறது. லண்டன் வாட்டர்லூவில் ரயில் ஏறினால் ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் வேமத். அங்கிருந்து பஸ் பிடித்து, 2012 ஒலிம்பிக் வளையங்கள் நிற்கும் போர்ட்லாண்ட் ஹைட்ஸில் இறங்குங்கள். வந்தவர்களில் பலர் அங்கே படம் எடுத்துக்கொண்டு நேரே கலங்கரை விளக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். நீங்கள் பக்கத்திலிருக்கும் டௌட் குவாரிக்கு நடந்து போங்கள். கட்டணம் கிடையாது.

கைவிடப்பட்ட கல்குவாரி அது. இப்போது சிற்பப் பூங்காவாகவும் இயற்கைக் காப்பிடமாகவும் இருக்கிறது. ஆண்டனி கோம்லி 1983இல் செதுக்கிய உருவம்கூட இங்கே உண்டு. சிற்பங்களைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் எனக்கு அவற்றைவிடச் செதுக்காத கற்கள்தான் பெரிது. உடலெல்லாம் ஓட்டையாகக் கிடக்கும் கல்லைத் தேடுங்கள். குவாரிக்காரர்கள் அதை ‘ரோச்’ என்பார்கள். நுண்ணிய வேலைப்பாட்டுக்கு உதவாது. அலையைத் தாங்கும் உறுதி உண்டு. லைம் ரீஜிஸ் துறைமுகத்தின் ‘காப்’ சுவரில் இந்தக் கல்தான் இருக்கிறது.

ஓட்டைக்குள் முகத்தைக் கொண்டுபோய்ப் பாருங்கள். விரலளவில், கூரிய முனையோடு ஒரு கல் திருகாணி. ‘போர்ட்லாண்ட் ஸ்க்ரூ’ என்று ஊரார் சொல்லும் கடல் நத்தை இது. சுமார் 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் வெதுவெதுப்பான ஆழமற்ற கடலில் வாழ்ந்தது. நத்தை செத்ததும் ஓட்டுக்குள் சுண்ணாம்புச் சேறு புகுந்து இறுகியது. பிற்பாடு அந்த ஓடு நிலத்தடி நீரில் கரைந்து போய்விட்டது. ஆகவே நீங்கள் பார்க்கும் திருகு நத்தையின் ஓடு அல்ல, அதன் உடல் குடியிருந்த இடத்தின் வார்ப்பு. திருகுக்கும் குழியின் சுவருக்கும் நடுவே தெரியும் இடைவெளிதான் ஓடு இருந்த இடம். அதே கல்லில் சிப்பி ஓடுகள் மட்டும் கரையாமல் நிற்பதையும் கவனியுங்கள். இரண்டும் சுண்ணாம்புதான், ஆனால் நத்தை ஓட்டின் அரகோனைட் எளிதில் கரையும். சிப்பியின் கால்சைட் அவ்வளவு சீக்கிரம் கரையாது.

காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் சுருள்கள் நன்றாகத் தெரியும். மேகமூட்டமாக இருந்தால் போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். கைலென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. பிடிப்பான காலணி அவசியம். பாறை விளிம்புகளில் தடுப்பு இருக்கும் என்று நம்பி நடக்காதீர்கள். காற்று பலமாக அடிக்கும், மேற்குச் செங்குத்து ஓரத்தில் குழந்தைகளின் கையை விடாதீர்கள். சுத்தியல் வேண்டவே வேண்டாம். ஒரு திருகைப் பெயர்த்தெடுத்தால் அதைச் சுற்றியுள்ள குழி வெறும் ஓட்டையாகிவிடும், பிறகு அடுத்தவருக்குப் பார்க்க ஒன்றுமிருக்காது.

நேரமிருந்தால் வேக்கம் தெருவில் உள்ள போர்ட்லாண்ட் அருங்காட்சியகத்துக்கும் போய்வாருங்கள். திறந்திருக்கும் நாளை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். அதை 1930இல் தொடங்கியவர் மேரி ஸ்டோப்ஸ். குடும்பக் கட்டுப்பாட்டுக்காகப் போராடியவராக அறியப்பட்ட அவர், படிப்பால் தொல்தாவரவியலாளர்.

போர்ட்லாண்ட் வரை போக முடியாதவர்கள் லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெருவில் ஸ்மித்சன் பிளாசாவுக்குப் போகலாம். எகனாமிஸ்ட் இதழுக்காக 1964இல் கட்டி முடித்த அந்தக் கட்டடங்களுக்கு ரோச் கல்லைத்தான் பதித்திருக்கிறார்கள். நடைபாதையில் நின்றபடியே ஓட்டைகளைத் தொட்டுப் பார்க்கலாம்.