கணினியின் ஓய்வு நேரத்தை எந்த ஆய்வுக்கு அளிப்பது?

2015ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை சென்னையை மட்டுமன்றி, எல்லைக்கு இப்பால் சூளூர்பேட்டை, நாயுடுபேட்டை, நெல்லூர் வரையிலும் வெள்ளக்காடாக்கியது. டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. புவி வெப்பமடைதல்தான் இதற்குக் காரணமா என்ற வினா அந்நாளில் பலர் வாயிலும் இருந்தது. அவ்வினாவுக்கு விடை தேடிய ஆய்வில், உலகின் பல பகுதிகளில் வீட்டு மேசைமீது இருந்த சாதாரணக் கணினிகளும் பங்கேற்றன என்பதைப் பலர் அறியார்.

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2003 முதல் நடத்திவரும் 'கிளைமேட்பிரடிக்‌ஷன்.நெட்' என்னும் திட்டமே அது. நம் கணினி வேலையின்றி இருக்கும் நேரத்தில் அதன் கணிக்கும் திறனை ஆய்வாளருக்கு விலையின்றி அளிப்பதே இதன் அடிப்படை. இத்தகைய திட்டங்களுள் பெரும்பாலானவற்றுக்கு 'பாயிங்க்' என்னும் பொது மென்பொருள் ஒன்று போதும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உருவானது அது.

சென்னை மழை ஆய்வின் முறை எளிதானது; அளவுதான் பெரிது. வானிலை மாதிரி ஒன்றை இன்றைய நிலவரத்தோடு ஆயிரக்கணக்கான முறை ஓட்டுவர். பிறகு மனிதர் வெளியிட்ட பசுமைக்குடில் வாயுக்கள் இல்லாதிருந்தால் நிலவரம் எவ்வாறு இருந்திருக்குமோ அவ்வாறு வைத்து மீண்டும் ஓட்டுவர். அத்தகைய பெருமழை எந்தத் தொகுதியில் அடிக்கடி தோன்றுகிறது என்று எண்ணிப் பார்ப்பர். அரிதாக நிகழ்வதை எண்ண வேண்டியிருப்பதால் சில பத்து ஓட்டங்கள் போதா. வீட்டுக் கணினிகளின் உதவி தேவைப்படுவது இங்குதான்.

டில்லி இந்திய தொழில்நுட்பக் கழகத்தின் அறிவியலாளரும் இடம்பெற்ற அக்குழு, இம்முறையோடு பழைய மழைப் பதிவுகளையும் வேறொரு மாதிரியையும் வைத்து ஆராய்ந்தது. கிடைத்த முடிவு பலர் எதிர்பார்த்ததற்கு மாறானது: அம்மழையில் புவி வெப்பமடைதலின் தாக்கம் கண்டறியப்படவில்லை. வங்கக் கடலின் மேற்குப் பகுதியில் முந்தைய 40 ஆண்டுகளில் நீரின் வெப்பநிலை உயராதிருந்தது அதற்குக் காரணமாகலாம் என்றனர். தாம் எதிர்பார்த்த விடை வராதபோதும் அதை அப்படியே அச்சிட்டு வெளியிட்டார்கள். ஒரு திட்டத்தை ஆதரிக்கலாமா என்று கேட்பவர்க்கு இதைவிடச் சிறந்த நற்சான்றை என்னால் காட்ட இயலாது.

இக்கேள்வி எழக் காரணம், இந்த உதவி உண்மையில் இலவசமன்று என்பதே. கணினி முழுமூச்சாக உழைக்கும்போது கூடுதலாக 100 வாட் இழுக்கிறது என்று கொள்வோம். நாளொன்றுக்கு 8 மணி நேரம் ஓடினால் மாதத்திற்கு 24 யூனிட். யூனிட் 6 ரூபாய் எனில் 144 ரூபாய். ஆண்டுக்கு 1,728 ரூபாய். மின்கட்டணம் படிநிலைகளில் ஏறுவதால், இக்கூடுதல் யூனிட்டுகள் உங்கள் பட்டியலின் மேல்படி விகிதத்திலேயே கணக்காகும். நம் பகுதியின் மே மாத வெயிலில் மின்விசிறியும் குளிர்சாதனமும் சேர்ந்து உழைக்க வேண்டியிருக்கும். அந்த இரு மாதங்கள் நிறுத்தி வைப்பதில் தவறில்லை. மென்பொருளில் நேரத்தையும் திறனின் விழுக்காட்டையும் வரையறுக்க வசதி உண்டு.

ஆகவே கடன் விண்ணப்பத்தை ஆராய்வது போலவே இதையும் ஆராயலாம். நடத்துபவர் யார், பணத்தை எதற்குப் பயன்படுத்துகிறார், முந்தைய கணக்கு எப்படி என்று நாங்கள் கேட்பது வழக்கம். இங்கே முந்தைய கணக்கு என்பது ஆய்விதழ்களில் வெளிவந்த கட்டுரைகளும், எவரும் எடுத்துப் பயன்படுத்தத் தக்கவாறு திறந்து வைக்கப்பட்ட தரவுகளுமே. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தூய ஆற்றல் திட்டம் ஒரு நல்ல எடுத்துக்காட்டு. சூரிய மின்கலங்களுக்குப் பயன்படக்கூடிய 23 லட்சம் கரிமச் சேர்மங்களின் விவரங்களை அது 2013இல் பொதுவில் வைத்தது.

பயன் என்பதைக் குறுகிய பொருளில் கொள்ளலாகாது. வேற்றுலக உயிர்களின் வானொலிக் குறிகளைத் தேடிய 'செட்டி அட் ஹோம்' 1999 மே முதல் 2020 மார்ச் வரை வேலைகளைப் பகிர்ந்தளித்தது. லட்சக்கணக்கானோர் பங்கேற்றும் அத்தகைய குறி ஏதும் கிடைக்கவில்லை. எனினும் முறையாகத் தேடி 'இல்லை' என்று அறிவதும் ஒரு விடைதான். மேலும், 'பாயிங்க்' மென்பொருள் பிறந்ததே அதன் அனுபவத்திலிருந்துதான். நட்டக் கணக்கில் அதை எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை.

நேற்றைய தேவை இன்றும் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். புரதங்களின் வடிவத்தை ஆராயும் 'ரொசெட்டா அட் ஹோம்' திட்டம் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டேவிட் பேக்கர் ஆய்வகத்தினுடையது. அவர் 2024இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். அதே பரிசைப் பகிர்ந்துகொண்ட மற்றிருவர், செயற்கை நுண்ணறிவால் புரத வடிவங்களைக் கணிக்கும் வழியைக் கண்டவர்கள். முன்பு லட்சம் கணினிகள் செய்த வேலையின் ஒரு பகுதிக்கு வேறு வழி வந்துவிட்டது. மாறாக, புரதங்கள் அசையும் விதத்தைக் கணிக்கும் 'ஃபோல்டிங் அட் ஹோம்' திட்டத்திற்கு இன்னும் கணிதிறன் தேவைப்படுகிறது. மிகப்பெரிய பகா எண்களைத் தேடுவதும் இனிய பொழுதுபோக்கே. ஆனால் 2024இல் 4,10,24,320 இலக்கங்கள் கொண்ட எண் அகப்பட்டது பல தரவு மையங்களின் வரைகலைச் செயலிகளைத் திரட்டிய முயற்சியில். வீட்டுக் கணினிக்கு அந்தப் பேறு கிட்டும் என்று நம்பி மின்கட்டணம் செலுத்துவது லாட்டரிச் சீட்டுக்கு நெருக்கமானது.

முகம் அறியாதவர் கணினி தரும் விடையை எப்படி நம்புவது என்று கேட்கலாம். பல திட்டங்களில் ஒரே வேலையை இரு வேறு கணினிகளுக்கு அனுப்பி, விடைகள் ஒத்திருந்தால்தான் ஏற்கின்றனர். வங்கியில் ஒருவர் பதிய, மற்றொருவர் சரிபார்த்து ஒப்புதல் அளிப்பது போன்றதே இது.

தொடங்க விரும்புவோர் சொந்தக் கணினியில், அந்தந்தத் திட்டத்தின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் மென்பொருளை நிறுவுக. அலுவலகக் கணினியில் அனுமதியின்றி நிறுவலாகாது. பதிவு செய்ய ஒரு மின்னஞ்சல் முகவரி போதும். வங்கிக் கணக்கு எண்ணையோ ஒருமுறைக் கடவுச்சொல்லையோ கேட்கும் எதுவும் ஆய்வுத் திட்டமாக இருக்காது. முதல் மாதம் ஒரே திட்டத்தோடு நிறுத்திக்கொண்டு, அம்மாத மின்கட்டணப் பட்டியலை முந்தைய மாதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபின் மேலே தொடரலாம்.