ஒரு பொருள், மூன்று வித்தைகள்

பொறியியல் படிக்கிற பிள்ளைக்குச் சித்திரம் எதற்கு, சரித்திரம் எதற்கு என்று கேட்கிற பெற்றோர் ஓசூரை அடுத்த எங்கள் ஜூஜுவாடியில் அநேகர். சிப்காட் தொழிற்பேட்டையின் ஷிஃப்ட் நேரத்தை அனுசரித்தே அடுப்பு எரிகிற வீடுகளில் அந்தக் கேள்வி எழுவது இயல்புதான். சென்னை ஐ.ஐ.டி.யில் இயந்திரவியலைப் பிரதானமாக எடுத்துக்கொண்டு, அதனுடன் வடிவமைப்பையும், அங்கே போதிக்கப்படும் தத்துவம், சரித்திரம், இலக்கியம் ஆகியவற்றையும் சேர்த்துப் பயின்று, இன்று இந்த எல்லைப்புறத்தில் ஓர் உதிரிபாகப் பட்டறையில், வேலைப்பொருளை அசையாமல் பிடித்துக்கொள்ளும் ஜிக்குகளும் ஃபிக்ஸ்சர்களும் வடிவமைத்து ஜீவனம் நடத்துகிற எனக்கு, அக்கேள்விக்கு அனுபவத்தால் கிடைத்த விடை ஒன்று உண்டு. பொறியியல், வடிவமைப்பு, கலைப் பாடங்கள் என்னும் மூன்று வித்தைகளும் ஒரே பொருளின்மீது கூடி வேலை செய்யும்போதுதான் அவற்றைச் சேர்த்துக் கற்றதன் பிரயோஜனம் சித்திக்கிறது. மதிப்பெண் பட்டியலில் தனித்தனியே வரிசையாக நிற்பதால் மாத்திரம் அது சித்திப்பதில்லை.

உதாரணம் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. டாட்டா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனமும் கூட்டாக 1984-இல் நிறுவிய டைட்டன், 2002-இல் வெளியிட்ட ‘எட்ஜ்’ கைக்கடிகாரத்தின் மொத்தக் கனம் 3.5 மில்லிமீட்டர், ஓசூர்த் தொழிற்சாலையில் உருவான அதன் உள்யந்திரத்தின் கனமோ 1.15 மில்லிமீட்டர்தான். மெலிவே அழகு என்று ஒரு கலைஞன் ஆசைப்படலாம். ஆனால் மின்கலமும் பற்சக்கரமும் கண்ணாடியும் நீர் புகாத மூடியும் ஒவ்வொன்றும் மயிரிழை மயிரிழையாக இடம் விட்டுக்கொடுத்தாலன்றி அவ்வாசை உருவம் பெறாது. அக்கடிகாரத்தைக் கையில் வாங்கிப் பார்க்கிற மாணவன், சௌந்தரியம் எங்கே முடிகிறது, யந்திர சாஸ்திரம் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முயன்று பார்க்கட்டும். அந்த முயற்சியையே நான் முதற்பாடமாகச் சொல்வேன்.

எங்கள் பட்டறையில் நிகழ்ந்த ஒரு சிறு காரியமும் இதையே விளக்கும். ஒரு ஃபிக்ஸ்சரின் கிளாம்ப்பை இறுக்க அதிக பலம் வேண்டியிருந்தது. பிடியை நீட்டினால் பலம் குறையும் என்று பொறியியல் சொல்லும். நீட்டிய அளவுக்குக் கை சுற்றிவர வேண்டிய தூரம் கூடும் என்பதையும் அதுவே சொல்லும். அங்கே நின்று வேலை செய்கிற அம்மாளின் தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகியவற்றின் நிலைகளைப் பென்சிலால் வரைந்து பார்த்தபோது, பிடி நீண்டால் ஒவ்வொரு முறையும் அவர் கை தோளுக்கு மேலே போகும் என்பது காகிதத்திலேயே புலனாயிற்று. அவருடைய தாய்மொழியான தெலுங்கில் விசாரித்தேன். “அழுத்துறது கஷ்டமில்லை சார், நாளெல்லாம் கையைத் தூக்கித் தூக்கி இறக்குறதுதான் கஷ்டம்” என்னும் பொருள்பட அவர் சொன்னார். பிறகு பிடியின் அச்சை இடுப்பு மட்டத்துக்கு இறக்கி, இணைப்புத் தண்டுகளை மாற்றி அமைத்தோம். பலமும் குறைந்தது, கையும் தோளுக்கு மேலே எழவில்லை.

இனி, இவ்வழியில் படிக்க விரும்பும் மாணவர்களுக்குச் சில யோசனைகள்.

வரைதலைத் தினசரி அநுஷ்டானமாகக் கொள்ளுங்கள். கணினியில் மாதிரி அமைப்பது அவசியமே. ஆயினும் மனித உடல் வளைவதையும் அயர்வதையும் கண் கற்றுக்கொள்வது கையால் வரையும்போதுதான். அதுபோலவே, அரம் பிடித்து இரும்பை ராவிப் பழகுங்கள். உலோகம் எவ்வளவு இணங்கும், எங்கே முரண்டுபிடிக்கும் என்பதை உள்ளங்கை அறிந்த பிறகு எழுதுகிற அளவுகளில் ஒரு பொறுப்பு வந்துவிடும்.

ஒரு வித்தையில் ஆழமாக வேரூன்றிய பிறகே மற்றவற்றுக்குக் கிளை பரப்புங்கள். கொழும்பில் 1877-இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, நிலவியலைக் கசடறக் கற்று, இலங்கையின் கனிமங்களை ஆராயும் பணிக்குத் தலைமை வகித்தவர். அதன்பின், 1908-இல், இடைக்காலச் சிங்களக் கலையைப் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். கல்லைக் கூர்ந்து நோக்கிப் பழகிய கண்ணே கைவினைஞனின் வேலைப்பாட்டையும் கூர்ந்து நோக்கியது என்று நான் கருதுகிறேன்.

செய்ததைத் தாய்மொழியில் எழுதிப் பாருங்கள். ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் பிறந்து வழக்கறிஞராக இருந்த ராஜாஜி, 1916-இல் தமிழில் விஞ்ஞானச் சொற்களை வகுக்கச் சங்கம் அமைத்தவர். ‘திண்ணை ரசாயனம்’ என்று ரசாயன சாஸ்திரத்தைச் சாமானியருக்கும் விளங்க எழுதியவர். பட்டறையில் நிற்பவருக்குப் புரியும்படி சொல்ல வராத இடத்தில், நம் சிந்தனையிலும் தெளிவு வரவில்லை என்றே கொள்ளவேண்டும்.

கலைப் பாடங்களைக் கடைசி வருஷத்துக்கு ஒத்திவைக்காதீர்கள். முதல் வருஷத்திலேயே கற்ற சரித்திரமும் தத்துவமும், பின்னால் கற்கும் ஒவ்வொரு யந்திரத்தையும், இது யாருக்காக, யார் உழைப்பில் என்று கேட்கவைக்கும்.

கல்லூரிகளுக்கும் ஒரு விண்ணப்பம். கலிஃபோர்னியாவில் 1955-இல் நிறுவப்பட்ட ஹார்வி மட் கல்லூரி, விஞ்ஞானத்தையும் பொறியியலையும் கலைகளோடு சேர்த்துப் போதிக்கும் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி. தொழில் நிறுவனங்களின் மெய்யான பிரச்சினைகளை மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து தீர்த்துக்கொடுக்கும் ‘கிளினிக்’ முறையை அது 1963-இலேயே தொடங்கிவிட்டது. லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் செய்கிற ஆலைகள் நிறைந்த ஓசூர் வட்டாரத்தைவிட அத்தகைய கல்விக்கு உகந்த க்ஷேத்திரம் எது? கலைக் கல்லூரி மாணவியும் பாலிடெக்னிக் மாணவனும் ஒரே ஆலையின் ஒரே பிரச்சினையை ஒரே மேஜையில் வைத்து ஆராய நம் கல்லூரிகள் ஏற்பாடு செய்யவேண்டும்.

பெற்றோரிடம் நான் வேண்டுவதும் ஒன்றுதான். எந்தப் பாடம் உத்தியோகம் தரும் என்று பிள்ளையைக் கேட்பதோடு நில்லாமல், நீ செய்யப்போகிற பொருளை யார், எந்த நிலையில் நின்றுகொண்டு, எத்தனை மணி நேரம் உபயோகிக்கப்போகிறார் என்றும் கேளுங்கள். அதற்கு விடை சொல்ல மூன்று வித்தைகளும் வேண்டும். விடை சொல்லத் தெரிந்த பிள்ளையே எங்கள் பட்டறைகளுக்கு வேண்டிய பிள்ளை.